முசே மிலோஷின் இரண்டு பாஷை

மகளுக்குச் செந்தமிழ்ச்செல்வி என்று பேர் வைத்த அந்த அப்பனுக்கு, அவள் காலமெல்லாம் அடுத்தவன் பாஷையை வைத்துத்தான் சோறு தின்னப்போகிறாள் என்று தெரிந்திருந்தால் சுருக்கமாக ராணி என்று வைத்துவிட்டுப் போயிருப்பார். ஊரில் யாரும் முழுப் பேரைச் சொல்வதில்லை. செல்வி, அவ்வளவுதான். வயது ஐம்பத்தியொன்று. ரங்கப்பிள்ளை வீதியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே, மின்விசிறி சுற்றும்போதெல்லாம் முனகும் ஒரு மாடி அறையில் இருபத்தாறு வருடமாக உட்கார்ந்திருக்கிறாள்.

அவளுக்குத் தெரிந்தது தமிழும் பிரெஞ்சும்தான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த பழைய சிப்பாய்களின் பென்ஷன் தாள், பிறப்புச் சான்று, கல்யாணப் பத்திரம் எல்லாம் அவளே பெயர்த்து முத்திரை குத்திவிடுவாள். மற்ற பாஷை எது வந்தாலும் ஆள் தேடிக் கொடுப்பாள். ஜப்பான் பாஷையா, கொரிய பாஷையா, ரஷ்யனா, "ரெண்டு நாள் குடுங்க, ஆள் புடிச்சுத் தரேன்" என்பாள். புடித்தும் தருவாள். தட்டாஞ்சாவடி கம்பெனி ஒன்றில் மிஷின் ஓட்டும் அவள் வீட்டுக்காரர் புருஷோத்தமன், "எல்லாருக்கும் ஆள் தேடித் தரியே, உங்கம்மா பேசறதை எனக்கு எடுத்துச் சொல்ல ஒரு ஆள் தேடித் தாயேன்" என்று கிண்டல் செய்வார். "அதுக்கு ஆள் இருக்கு, உங்களுக்குக் காதுதான் இல்ல" என்பாள் செல்வி.

ஆள் எடுப்பதில் அவளுக்கு ஒரு முறை உண்டு. போனில் ஒரு வாக்கியம் சொல்லிப் பெயர்க்கச் சொல்வாள். அந்த வாக்கியத்தில் வேண்டுமென்றே ஒரு தப்பு இருக்கும். ‘சூரியன் மேற்கே உதிச்சதும் நான் கடைக்குப் போனேன்’ என்கிற மாதிரி. கெட்டிக்காரத்தனம் காட்டி, மேற்கைக் கிழக்காக்கிச் சொல்கிறவன் அப்போதே அவுட். மேற்கு என்றால் மேற்கு என்றே சொல்கிறவன்தான் தொழில் தெரிந்தவன். பேசுகிறவன் ‘நான்’ என்றால் இவனும் ‘நான்’ என்றுதான் சொல்லவேண்டும். தெரியாத பாஷை நடுவில் வந்தால் ஊகிக்கக் கூடாது. எந்த நிமிடம், எந்த நொடி என்று எழுதி, அந்த இடத்தை வெற்றாக விட்டுவிட வேண்டும்.

இவ்வளவு கறார் அவளுக்குச் சும்மா வரவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில், கடலில் குளிக்கப்போய்ச் செத்த ஒரு பிரெஞ்சுப் பையனின் தாய் வந்திருந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்த பிறகும் ஒரு மணி நேரம் உயிர் இருந்தது, அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான் என்று டாக்டர் சொன்னார். செல்விக்கு மனசு வரவில்லை. "உடனே முடிஞ்சிடுச்சாம்மா, வலியே இல்லையாம்" என்று பெயர்த்துவிட்டாள். ஆறு மாதம் கழித்து ஆஸ்பத்திரி ரிப்போர்ட் அந்தத் தாய் கைக்குப் போனது. அங்கிருந்து ஒரு கடிதம் வந்தது. ஒரே ஒரு வரி. ‘என் மகனின் கடைசி ஒரு மணி நேரத்தை என்னிடமிருந்து நீ எடுத்துக்கொண்டாய்.’ அந்தக் கடிதத்தை மேஜை டிராயருக்குள், திறந்தால் கண்ணில் படுகிற மாதிரி ஒட்டிவைத்திருக்கிறாள். அன்றையிலிருந்து, சொன்னதில் பாதியை மென்று முழுங்குவதில்லை என்பது அவள் சத்தியம். அந்தச் சத்தியத்தை அவள் ஒரே ஒரு தடவை மீறினாள். அந்தக் கதைதான் இது.

போன ஆகஸ்ட் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, முல்லா வீதி சிராஜுதீன் பாய் மாடிப்படி ஏறி மூச்சு வாங்க வந்து நின்றார். நேரு வீதியில் துணிக்கடை வைத்திருக்கும் நல்ல மனுஷர்.

"செல்விம்மா, எங்க மாடியில குடியிருக்காரே, பியானோ ரிப்பேர் பண்ற முசே மிலோஷ், அவரு ஆஸ்பத்திரில கெடக்கறாரு. மூணு வாரத்துக்கு முன்ன படிக்கட்டுல விழுந்திருக்காரு. யார் கிட்டயும் சொல்லல. இப்ப தலைக்குள்ள ரத்தம் கட்டிக்கிச்சாம்."

"அய்யய்யோ. நெனவு இருக்கா பாய்?"

"நெனவெல்லாம் இருக்கும்மா. பாஷைதான் போயிடுச்சு. இருபத்தஞ்சு வருஷம் நம்ம கிட்ட தமிழ் பேசின மனுஷன், இப்ப ஒரு வார்த்த தமிழ் வரல, பிரெஞ்சு வரல, இங்கிலீஷ் வரல. என்னமோ பேசறாரு. டாக்டரம்மா என்னடான்னா, அவர் வாயால சம்மதம் கேக்காம மண்டைய தொறக்க மாட்டேங்கறாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள செய்யலன்னா ஆள் தங்க மாட்டாராம். அந்த மனுஷனுக்கு ஒறவுன்னு யாரும் இல்ல. நீங்கதாம்மா பாத்து ஒரு ஆள் புடிக்கணும்."

செல்வி குடையை எடுத்துக்கொண்டு உடனே கிளம்பினாள்.

டாக்டர் நிர்மலா சின்ன வயசு, ஆனால் நிதானமானவர். "போன்ல இருக்கற மொழிபெயர்ப்பு ஆப்பெல்லாம் போட்டுப் பார்த்துட்டேன்மா. ஒண்ணும் பிடிபடல. ரெண்டு வார்த்தைக்கு ஒரு தடவ திணறிப்போயி நின்னுடுது. நாள் பூரா வாயே தொறக்க மாட்டாரு. மத்தியானம் மூணு மணி ஆனா ஆரம்பிப்பாரு. அரை மணி நேரம். அப்புறம் மறுபடி மௌனம்" என்றார்.

மணி சரியாக மூன்று. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. கட்டிலில் நீளமாகக் கிடந்த அந்த வெள்ளைக்கார மனுஷர் கண்ணைத் திறந்தார். வலது பக்கம் பார்த்து, கனத்த குரலில், மெதுவாக ஏதோ கேட்டார். நிறுத்தினார். பிறகு தலை இடது பக்கம் திரும்பியது. அதே வாய், ஆனால் குரல் மெல்லியது, வேகமானது, கொஞ்சம் கோபமானது. அது பேசி முடிந்ததும் தலை மறுபடி வலப்பக்கம் திரும்பியது. கனத்த குரல். இடப்பக்கம். மெல்லிய குரல்.

செல்வி காதைக் கொடுத்துக் கேட்டாள். இடப்பக்கக் குரலின் வார்த்தைகள் பிரெஞ்சுக்குப் பங்காளி போல அங்கங்கே காதில் ஒட்டின. அது ஸ்பானிஷ். வலப்பக்கம் பேசுவது, டாக்டர் கையில் இருந்த அவர் பாஸ்போர்ட்டில் போட்டிருக்கிற செக் நாட்டுப் பாஷை.

"பாய், இவரு பேசறது ஒரு பாஷை இல்ல, ரெண்டு" என்றாள்.

சிராஜுதீன் பாயின் முகம் வெளுத்தது. வராந்தாவுக்கு அவளைத் தள்ளிக்கொண்டு போனார். "அவர் சம்சாரம் மதாம் இனேஸ் ஸ்பெயின்காரம்மா. புருஷனும் பொண்டாட்டியும் ஒரே பாஷையில பேசி நான் பாத்ததே இல்ல. அவர் அவரு பாஷைல கேப்பாரு, அந்தம்மா அது பாஷைல பதில் சொல்லும். ஒருத்தர் பாஷைய மத்தவர் பேச மாட்டாங்க, ஆனா நல்லாப் புரிஞ்சுக்குவாங்க. கேக்கறதுக்கே வேடிக்கையா இருக்கும். பன்னெண்டு வருஷம் முன்ன தானே புயல் அடிச்சுதே, அந்த வாரம் ஊரே கரண்ட் இல்லாம கெடந்துச்சு. எங்க வூட்டு மாடிப்படிக்கு ஜன்னல் கெடையாது, பட்டப்பகல்லயே கும்மிருட்டு. லைட் வந்துடுச்சான்னு கீழ பாத்துட்டு வரேன்னு அந்தம்மா எறங்குச்சு. பாதிப் படியில வுழுந்து, அங்கயே போயிடுச்சு. உப்பளம் கல்லறையிலதான் பொதச்சோம்."

"எத்தன மணிக்கு பாய்?"

பாய் சுவர்க் கடிகாரத்தைக் காட்டி, "இதே நேரம்தான்" என்றார். மூன்று இருபது.

அன்று சாயங்காலமே வேட்டை ஆரம்பமானது. பிரெஞ்சுக்குத் தடுக்கி விழுந்தால் ஆள் கிடைக்கும் ஊர் இது. செக்குக்கு எங்கே போவது? பழைய நோட்டுப் புத்தகங்களை எல்லாம் கொட்டிப் புரட்டினாள். ஸ்பெயினில் மூன்று மாதம் இருந்தேன் என்று ஒரு யோகா மாஸ்டர் வந்தார். மேற்கில் உதித்த சூரியனைக் கிழக்கில் உதிக்க வைத்தார். ‘வணக்கம், போயிட்டு வாங்க’ என்று போனை வைத்தாள். கடைசியில் சென்னையிலிருந்து பாக்கியலட்சுமி கிடைத்தாள். காற்றாலைக் கம்பெனிகளுக்கும் பெரிய மாநாடுகளுக்கும் ஸ்பானிஷ் பேசுகிறவள், தொழிலில் பதினெட்டு வருடம். சூரியனை மேற்கிலேயே உதிக்கவிட்டுவிட்டு, "மேடம், தப்பு உங்களுதுதானே?" என்று சிரித்தாள்.

செக்குக்கு ஆள் கிடைத்ததுதான் அதிசயம். தவளக்குப்பத்துப் பையன் ராஜ்கமல், பையன் என்ன, நாற்பது வயசாகிறது, பதினொரு வருடமாக அந்த நாட்டில் கார் கம்பெனியில் வேலை. அந்த ஊர் கோர்ட்டிலேயே சத்தியம் செய்து மொழிபெயர்ப்பாளர் முத்திரை வாங்கியிருக்கிறானாம். அவனுடைய அத்தை கடலூர் ரோட்டில் பூக்கடை வைத்திருப்பவள், நம்பர் கொடுத்தாள். "நம்ம மூணு மணி எனக்குக் காலையில டீ நேரம்க்கா. வந்துடறேன்" என்றான்.

புதன்கிழமை மூன்று மணிப் பேச்சை செல்வி முழுசாகப் பதிவு செய்து இருவருக்கும் தனித்தனியாக அனுப்பினாள். தாள் வந்து சேரும்வரை ஒருவர் இருப்பது மற்றவருக்குத் தெரியாது. அதுவும் அவள் முறைதான். வியாழன் காலை இரண்டு தாளும் வந்தன. ராஜ்கமலுடையதில் செக் மட்டும், நடுநடுவே வெற்றிடம், பக்கத்தில் ‘வேறு பாஷை’ என்று நிமிடமும் நொடியும். பாக்கியலட்சுமியுடையதிலும் அப்படியே. செல்வி கீழே ஜெராக்ஸ் கடை மேஜையில் உட்கார்ந்து, இரண்டையும் வரிவரியாகக் கத்தரித்து, நேரப்படி ஒரு வெள்ளைத் தாளில் ஒட்டினாள். ஒன்றின் வெற்றிடத்தில் மற்றதன் வரி சரியாகப் போய் உட்கார்ந்தது.

யார் அங்க? படிக்கட்டுல யாரு நிக்கறது?

நான்தான். இன்னும் இங்கதான் நிக்கறேன்.

லைட் வந்துடுச்சா?

வரல. அதனாலதான் உன்னைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன்.

என் தலையைத் திறக்கணுங்கறாங்க.

அவங்களைத் தொட விடாதே. நீ கீழ வா.

எனக்குப் பயமா இருக்கு, இனேஸ். நான் இன்னும் கொஞ்ச நாள் இருக்கணும்.

பன்னெண்டு வருஷமா நின்னுக்கிட்டே இருக்கேன். கால் கடுக்குது, மிலோஷ். இந்த இருட்டுல என்னை எத்தனை நாளைக்குத் தனியா விடுவே?

இது ஏதோ பழைய ஞாபகம், மூளை பழைய பேச்சைத் திரும்ப ஓட்டுகிறது என்று செல்வி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பழைய ஞாபகத்துக்கு இந்த வார ஆபரேஷன் எப்படித் தெரியும்? பசை காய்ந்த விரலோடு கடைசித் துண்டை எடுத்தாள். பாக்கியலட்சுமி அதன் ஓரத்தில் சின்னதாக எழுதியிருந்தாள். ‘மேடம், இந்த வரி எனக்குப் புரியவில்லை. ஆனால் இப்படித்தான் சொன்னார்.’

வரி இது: ‘கத்தரிக்கோல் வெச்சுக்கிட்டு ஒட்டிக்கிட்டு இருக்கறவகிட்ட சொல்லு. என் பேச்சையும் சேர்த்து ஒட்டச் சொல்லு.’

செல்வி கத்தரிக்கோலைக் கீழே போட்டாள். பதிவு செய்தது நேற்று. கத்தரித்தது இன்று. இரண்டு தாளைக் கத்தரித்து ஒட்டலாம் என்ற யோசனை அவளுக்கே இன்று காலையில்தான் வந்தது. ஜெராக்ஸ் மிஷின் தன்பாட்டுக்கு வெளிச்சம் அடித்துக்கொண்டிருந்தது. கூட்டம் வேறு. அத்தனை பேர் நடுவிலும் அவள் ஒரு தடவை முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

வியாழன் மூன்று மணிக்கு டாக்டர் நிர்மலா படிவத்தோடு வந்தார். ராஜ்கமல் போனில். செல்வி கட்டில் ஓரம். சிராஜுதீன் பாய் கதவோரம் நின்று உதடு அசைய ஓதிக்கொண்டிருந்தார். டாக்டர் கேட்டதை ராஜ்கமல் செக்கில் கேட்டான். மிலோஷ் வலப்பக்கம் பார்த்துச் சொன்னார். ராஜ்கமல் சொன்னான்:

"எனக்குச் சம்மதம். தலையைத் திறங்க. நான் பொழைக்கணும்."

மூன்று தடவை கேட்டார்கள். மூன்று தடவையும் அதே பதில். பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்போது அந்தத் தலை இடப்பக்கம் திரும்பியது. இடப்பக்கம் நின்றிருந்தவள் செல்வி. மெல்லிய குரல் அவள் முகத்தைப் பார்த்தே பேசியது. நீளமாக, கெஞ்சலாக.

"இது என்ன சொல்றாரு?" என்றார் டாக்டர்.

"அது என் பாஷை இல்ல டாக்டர். நான் தொட மாட்டேன்" என்றான் ராஜ்கமல்.

டாக்டர் செல்வியைப் பார்த்தார். ஸ்பானிஷ் அவளுக்குத் தெரியாதுதான். ஆனாலும் விடு, அவனைப் போகவிடு என்கிற அளவுக்கு அவளுக்குப் புரிந்தது. ஒட்டிய தாள் கைப்பைக்குள் இருந்தது. பாக்கியலட்சுமியைக் கூப்பிட ஒரு நிமிடம் போதும். படிவத்தில் ‘நோயாளியின் மொழி’ என்ற இடத்தில் ஒரே ஒரு கோடுதான் போட்டிருந்தார்கள். செத்துப்போனவள் வேண்டாம் என்கிறாள் என்று எந்தப் படிவத்தில் எழுத முடியும்? உயிர் வேண்டும் என்று ஒரு மனுஷன் மூன்று தடவை வாய்விட்டுக் கேட்டிருக்கிறான். கதவோரத்தில் பாய் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார், ‘செல்விம்மா, அந்த மனுஷன் பொழைக்கட்டும்’ என்று அவர் முகமே சொன்னது.

"பழைய ஞாபகம் டாக்டர். சம்சாரத்தோட பேசறாரு" என்றாள் செல்வி.

கோட்டின் மேல் ‘செக்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மெல்லிய குரல் சட்டென்று நின்றது. அவள் நிமிரும்வரை அந்தக் கண்கள் அவளைவிட்டு நகரவே இல்லை. ராத்திரி பாக்கியலட்சுமி போன் செய்து, "என் தாளையும் சேர்த்துத்தானே கொடுத்தீங்க மேடம்?" என்று கேட்டாள். "குடுத்துட்டேன்மா" என்றாள் செல்வி. டிராயர் பக்கம் அவள் இரண்டு நாள் போகவில்லை.

ஆபரேஷன் நன்றாக நடந்தது. சும்மா சொல்லக்கூடாது, டாக்டர் நிர்மலா கை ராசியான கை. நான்காம் நாள் மிலோஷ் எழுந்து உட்கார்ந்தார். கஞ்சி குடித்தார். பாய் ஒரு டப்பா பேரீச்சம்பழம் வாங்கி வார்டு முழுக்கக் கொடுத்தார். செல்விக்கும் நெஞ்சு லேசானது. பார்த்தாயா, சொல்லாமல் விட்டதே நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்துக்கொண்டு, ராஜ்கமலைப் போனில் பிடித்து ஒலியைக் கூட்டினாள்.

ராஜ்கமல் செக்கில் நலம் விசாரித்தான். மிலோஷின் முகம் அப்படியே மலர்ந்தது. போனை எட்டிப் பிடித்துக் காதோடு வைத்துக்கொண்டார். கேட்கக் கேட்க முகம் வாடியது. போனைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். பிறகு கட்டுப் போட்ட தலையில் இல்லாத கூந்தலை எடுத்துக் காதுக்குப் பின்னால் செருகினார்.

பாயின் கையிலிருந்து டப்பா விழுந்தது. "யா அல்லா. மதாம் இப்படித்தான் செய்யும்."

வாய் திறந்தது. மெல்லிய குரல். ஸ்பானிஷ்.

செல்வி பாக்கியலட்சுமியின் நம்பரை அழுத்தினாள். சென்னையில் எங்கோ ஒரு அறையில் இருந்தபடி, தொழில் முறைப்படி ‘நான்’ என்றே பாக்கியலட்சுமி சொன்னாள்:

"யார் இவன்? பாஷை அவனோடது. குரல் அவனோடது இல்ல. மிலோஷ் எங்க? நான் அவனை எங்கிட்ட வரச் சொன்னேன். நீங்க என்னை இங்க இழுத்துட்டு வந்துட்டு அவனை எங்க விட்டீங்க?"

அந்தக் கண்கள் செல்வியின் மேல் வந்து நின்றன.

"நீதானே ஆள் தேடிக் கொடுக்கறவ? என் பேச்சைப் பைக்குள்ள வெச்சுக்கிட்டே. இப்ப எனக்கு ஒரு ஆள் தேடிக் கொடு. செக் பேசறவன், ஒரே ஒருத்தன்."

தலைக்குள் கை வைத்தால் ஒரு பாஷை போய் ஒரு பாஷை நிற்பது நடக்கக்கூடியதுதான் என்றார் டாக்டர் நிர்மலா. போகப்போகச் சரியாகலாம் என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. செல்வி தலையாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய், அடுப்பில் பாலை வைத்து, அது பொங்கி வழிந்து அணையும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள். "என்ன ஆச்சு உனக்கு?" என்றார் புருஷோத்தமன். "ஒருத்தரோட பேச்ச நான் முழுங்கிட்டேங்க" என்றாள். அவர் துணியை எடுத்து அடுப்பைத் துடைத்தார்.

பத்து நாள் போனது. உடம்பு தேறிக்கொண்டே வந்தது, ஆனால் சாப்பாடு இறங்கவில்லை. நாள் முழுக்க அந்த மெல்லிய குரல் ஒரு பேரையே சொல்லிக்கொண்டிருந்தது. செல்வி தினமும் போய் உட்கார்ந்தாள். வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பதினோராம் நாள் சிராஜுதீன் பாய் ஆபீசுக்கு வந்தார். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. "செல்விம்மா, பைத்தியக்காரன்னு நெனைக்காதீங்க. ஒரு வாரமா மூணு மணிக்கு எங்க மாடிப்படியில சத்தம். வூட்டுல பொம்பளைங்க யாரும் அந்தப் பக்கமே போறதில்ல. இன்னிக்கு என் போன்ல ரெக்கார்ட ஆன் பண்ணி கீழ்ப்படியில வெச்சுட்டுக் கடைக்குப் போயிட்டேன். இதுல என்ன இருக்குன்னு கேக்க எனக்குத் தைரியம் இல்ல."

செல்வி கேட்டாள். வெகுநேரம் ஒன்றுமில்லை. தெருவில் ஆட்டோ ஹாரன், தூரத்தில் பள்ளிவாசல் மைக் சோதனை. அப்புறம் மரப்படியில் ஒரு முனகல். ஒரு கனத்த குரல், மெதுவாக. அதை எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் ராஜ்கமலுக்கு அனுப்பினாள். அரை மணியில் தாள் வந்தது.

‘ஒலி தெளிவில்லை. பேசுபவர் அந்த நாட்டுக்காரர்தான், சந்தேகமில்லை. மூன்றாம் நிமிடம்: இனேஸ், நான் கீழ வந்துட்டேன். நீ எங்க? நாலாம் நிமிடம்: இங்க ரொம்ப இருட்டா இருக்கு. நீ நின்ன படியிலதான் நிக்கறேன். நகர மாட்டேன். நீ வா. இவ்வளவுதான். மற்றது வெற்று.’

செல்வி டிராயரைத் திறந்தாள். பழைய கடிதத்தை ஒரு தடவை படித்தாள். இந்தத் தாளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் என்ன நடக்கும் என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? தேறி வருகிற உடம்பு அது. டாக்டர் பாடுபட்டு மீட்ட உயிர். பாய் ஐந்து வேளையும் தொழுது கேட்ட உயிர். இன்னொரு தடவை மென்று முழுங்கிவிட்டு வீட்டுக்குப் போகலாம், யாரும் அவளைக் கேட்கப்போவதில்லை. அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். வாய்விட்டு அழுதாள் என்றே சொல்லவேண்டும். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, பைக்குள் இருந்த பழைய ஒட்டிய தாளையும் புதுத் தாளையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

முதலில் டாக்டர் நிர்மலாவின் மேஜையில் பழைய தாளை வைத்தாள். "அன்னிக்கு நான் முழுசா சொல்லல டாக்டர். பாதிய மறைச்சுட்டேன்." டாக்டர் படித்தார். இரண்டாம் முறை படித்தார். "அன்னிக்கே குடுத்திருந்தாலும் நான் ஆபரேஷன் பண்ணியிருப்பேன்னுதான் நெனைக்கறேன்" என்றார். தாளை மடித்து அவளிடம் நீட்டி, "ஆனா நீங்க குடுத்திருக்கணும்மா" என்றார்.

மறுநாள் மூன்று மணிக்கு அவள் கட்டிலின் இடப்பக்கம் உட்கார்ந்து, பாக்கியலட்சுமியைப் போனில் பிடித்தாள். வழக்கப்படி பதிவும் ஓடியது. "நான் ஒண்ணு படிக்கறேன். ஒரு வார்த்த விடாம ஸ்பானிஷ்ல சொல்லும்மா."

"யார் சொன்னது மேடம்?"

"சொன்னவர் ‘நான்’னு சொல்லியிருக்காரு. நீயும் ‘நான்’னே சொல்லு."

செல்வி தாளைப் பார்த்துப் படித்தாள். பாக்கியலட்சுமி சொன்னாள். கட்டிலில் இருந்த உடம்பு அசையாமல் கேட்டது. நீ நின்ன படியிலதான் நிக்கறேன் என்ற இடம் வந்தபோது அந்தக் கிழட்டு முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், கல்யாணம் ஆகிப் பத்து நாளான பெண்ணின் சிரிப்பு அது. மெல்லிய குரலில் ஒரு வாக்கியம் வந்தது.

"இப்பதான் முழுசாச் சொன்னே" என்று பெயர்த்தாள் பாக்கியலட்சுமி.

உடம்பு போர்வையை மடித்து ஓரமாக வைத்தது. காலைக் கீழே இறக்கி, வெறும் தரையில் படி தேடுவது போல ஒரு பாதத்தை ஊன்றியது. உதடு அசைந்தது, சத்தம் செல்வியின் காதுக்கு எட்டவில்லை. அப்படியே தலையணையில் சாய்ந்தது. டாக்டர் ஓடிவந்து நெஞ்சை அழுத்திப் பார்த்தார், ஊசி போட்டார். மூன்று இருபதுக்கு எல்லாம் முடிந்துவிட்டது.

உப்பளத்தில் மதாம் பக்கத்திலேயே இடம் கிடைத்தது. பாய் முன்னால் நின்று மண் போட்டார், செல்வி பின்னால் நின்றாள். தன் குற்றம் தீர்ந்ததா, கூடிப்போனதா என்று அவளுக்கே விளங்கவில்லை. ஒரு மனுஷன் பிழைக்கணும் என்று கேட்டதும் உண்மை, இன்னொருத்தி வா என்று அழைத்ததும் உண்மை. இரண்டையும் அன்றே சேர்த்து வைத்திருந்தால் அவர்களே பேசி முடிவு செய்திருப்பார்களோ என்னவோ. முல்லா வீதி மாடிப்படியில் அதற்கப்புறம் சத்தமில்லை. பாய் சுவரை உடைத்து ஒரு ஜன்னல் வைத்துவிட்டார்.

மூன்றாம் நாள் பாக்கியலட்சுமி கூப்பிட்டாள். "மேடம், அன்னிக்கு நீங்க அனுப்பின பதிவைத் திரும்பக் கேட்டு என் தாளை எழுதிட்டேன். கடைசி ஒரு நிமிஷம் மட்டும் வெற்றா விட்டிருக்கேன். அங்க ரெண்டு பேரு ஒரே நேரத்துல பேசறாங்க. ஒண்ணு மேல ஒண்ணு விழுது. ஒரு குரல் ஸ்பானிஷ், ஏதோ சிரிச்சுக்கிட்டே சொல்லுது. இன்னொண்ணு ஆம்பளைக் குரல், என் பாஷை இல்ல. உங்க செக் ஆள்கிட்ட அனுப்பினா அவர் பாதியை எழுதிடுவாரு. சேர்த்து ஒட்டிடலாம்."

கட்டிலில் இருந்தது ஒரு வாய். அன்று அறையில் வேறு ஆண்பிள்ளை யாரும் கிடையாது.

"வேணாம்மா. அப்படியே வெற்றா விட்டுடு" என்றாள் செல்வி.

"வெற்றிடத்த அப்படியே விட்டு முடிக்கறது உங்க முறை இல்லையே மேடம்?"

செல்வி கத்தரிக்கோலை டிராயருக்குள், அந்தக் கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்து மூடினாள். "யாருக்குச் சொன்னாங்களோ அவங்களுக்குப் போய்ச் சேந்துடுச்சும்மா. அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நம்மள மாதிரி ஆளு என்னிக்குமே தேவப்பட்டதில்ல" என்றாள்.